அந்த ஜாக்கெட்டைத் தைத்தது யாரு?

போன வைகாசியில் ஒரு வேலையாக வெள்ளிமலைக்குப் போயிருந்தேன். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை, அப்புறம் வளைந்து வளைந்து ஏறும் கல்வராயன் மலைப்பாதை. மேலே போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நண்பர் வீட்டுத் திண்ணையில் ஒதுங்கினேன். கரண்ட் இல்லை. டவர் ஒரு புள்ளி காட்டும், உடனே மறையும்.

நண்பரின் மகள் ஏழாவது முடித்து எட்டாவது போகப்போகிறவள். சும்மா உட்கார்ந்திருக்க மாட்டாள். "மாமா, உங்க போன்ல படம் ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டாள். இருந்தது. எப்போதோ டவுன்லோடு செய்து வைத்திருந்த 'ராஜா ஹரிச்சந்திரா'. 1913-ல் தாதாசாகேப் பால்கே எடுத்த பேசாத படத்தில் இன்று மிஞ்சியிருக்கும் கொஞ்சம் பகுதி.

சத்தமே இல்லாத படம். உள்ளறையில் அவள் அம்மா கால் மெஷினில் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார். கடகடவென்று அந்தச் சத்தம் வர வர, பழைய தியேட்டர் புரொஜக்டர் ஓடுகிற மாதிரியே இருந்தது.

ராணி தாராமதி வந்தார். "இது ஆம்பளையாம்மா. பொம்பளைங்க நடிக்க வராத காலம்" என்றேன், ஏதோ பெரிய விஷயத்தைச் சொல்லிவிட்ட மிதப்பில். அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கூத்துப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு ஆண் பெண் வேஷம் கட்டுவது ஒரு செய்தியா? திரையை உற்றுப் பார்த்துவிட்டு அவள் கேட்டது வேறு.

"இந்த ஜாக்கெட்டைத் தச்சது யாரு மாமா?"

எனக்குத் தெரியவில்லை. உள்ளே மெஷின் ஒரு நொடி நின்று, மறுபடி ஓடியது.

அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நடித்தவர் பெயர் தெரிகிறது, எடுத்தவர் பெயர் தெரிகிறது. உடுத்தியது? தேடிப் பார்த்ததில் கிடைத்ததை இந்த வாரம் உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் பால்கே வீட்டுக்கே போவோம். அவருக்கு முன்னே பின்னே ஸ்டூடியோ கிடையாது. பம்பாய் தாதரில் இருந்த வீடுதான் எல்லாம். பணம் போதாமல் மனைவி சரஸ்வதிபாயின் நகைகள் அடகுக்குப் போயின. அந்த அம்மா நகையைக் கொடுத்ததோடு விட்டுவிடவில்லை. அறுபது எழுபது பேர் கொண்ட குழுவுக்குத் தினமும் சமையல். நடிகர்களின் உடுப்புகளைத் துவைப்பது. ஃபிலிமில் துளை போடுவது, ரசாயனம் கலப்பது. வெயிலில் வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்று முகத்தில் வெளிச்சம் அடிப்பது. இந்தியாவின் முதல் காஸ்ட்யூம் டிபார்ட்மென்ட், லைட்டிங் டிபார்ட்மென்ட், கேன்டீன் எல்லாமே ஒரே மனுஷி. படத்தில் அவர் பெயர் இல்லை.

தாராமதியாக நடித்த சாளுங்கே, பம்பாய் கிராண்ட் ரோடு பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தவர். மெல்லிய கை, மெல்லிய உடம்பு. அதைப் பார்த்துத்தான் பால்கே அழைத்து வந்தார். பெண் வேஷம் போடச் சம்மதித்த மற்ற ஆட்கள் மீசையை எடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்த கதை பிரசித்தம். அப்பன் செத்தால்தானே மீசையை எடுப்பது? ஒருவழியாகப் பேசிச் சம்மதிக்க வைத்தார்கள். நாலு வருஷம் கழித்து 'லங்கா தகன்' படத்தில் இதே சாளுங்கேதான் ராமர், அவரேதான் சீதையும். ஒரே உடம்பு, ஒரே முகம். பேச்சும் கிடையாது. இவர் இப்போது ராமர், இப்போது சீதை என்று ஜனங்களுக்கு எப்படித் தெரிந்தது? துணிதான் சொல்லியது.

அந்தத் துணி எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. பால்கே சினிமாவுக்கு வருமுன் லோனாவாலாவில் ராஜா ரவிவர்மாவின் அச்சகத்தோடு சேர்ந்து வேலை செய்தவர். நம் பூஜையறைகளில் லட்சுமியும் சரஸ்வதியும் எந்த மாதிரிச் சேலையில், எந்த மாதிரி நகையில் நிற்க வேண்டும் என்று வீடு வீடாகப் பழக்கிவிட்டது அந்த அச்சகம்தான். அந்தப் படங்களைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, திரையில் வந்த சாமியை அடையாளம் காண டைட்டில் கார்டு தேவைப்படவில்லை.

டைட்டில் கார்டு என்றதும் சென்னைக்கு வர வேண்டும்.

வேலூர்க்காரரான ஆர். நடராஜ முதலியார், மோட்டார் கார் உதிரிபாகம் விற்றுக்கொண்டிருந்தவர். பால்கே படங்களைப் பார்த்துப் பித்துப் பிடித்து, புனேயில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற வெள்ளைக்காரக் கேமராமேனிடம் தொழில் கற்று, கீழ்ப்பாக்கம் மில்லர்ஸ் ரோட்டில் ஒரு வீட்டைப் பிடித்து ஸ்டூடியோ போட்டார். 1917-18 வாக்கில் வந்தது 'கீசக வதம்'. தென்னிந்தியாவின் முதல் கதைப்படம். கூரைக்குப் பதில் மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி, அதன் வழியாக வெயிலை வடிகட்டித்தான் படம் பிடித்தார்கள். (அந்தத் துணியையும் யாரோ ஒருவர்தானே மூட்டியிருப்பார்?) திரௌபதியாக ஜீவரத்தினம், கீசகனாக ராஜு முதலியார். செலவு 35,000 ரூபாய், வரவு 50,000 என்கிறார்கள்.

இதில் என்னை உறுத்திய விஷயம் ஒன்று. அந்தப் படத்தின் எழுத்து அட்டைகளை யார் எழுதினார்கள் என்பதுகூடப் பதிவாகியிருக்கிறது. இந்தியில் எழுதியவர் காந்தியின் மகன் தேவதாஸ் காந்தி. நடிகர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் நாடக நடிகரும் வக்கீலுமான ரங்கவடிவேலு. இப்படி நாலு வரி எழுதியவர் பெயர் நூறு வருஷம் தாண்டி நிற்கிறது. அந்த ஆறாயிரம் அடிப் படம் முழுக்க ஒவ்வொரு அடியிலும் தெரிந்த உடுப்பை எடுத்துத் தைத்தவர், மடித்து வைத்தவர் பெயர் எங்குமே இல்லை.

படமாவது இருந்தால் துணியைப் பார்த்துக்கொள்ளலாம். அதுவும் இல்லை. 'கீசக வதம்' பிரதி அழிந்துவிட்டது. இந்தியாவில் எடுத்த 1,300-க்கும் மேற்பட்ட பேசாத படங்களில் மிஞ்சியவை சில டஜன்தான். தென்னிந்தியாவில் நூற்றுக்கும் மேல் எடுத்தார்கள். மிஞ்சியது என்று கையில் இருப்பது நாகர்கோவில் சுந்தரராஜ் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றுதான்.

இப்போது ஒரு நிமிஷம் கதையை யோசித்துப் பாருங்கள். கீசகன் கதையில் திரௌபதி யார்? விராட ராஜா அரண்மனையில் ராணிக்குத் தலை வாரி, பூத் தொடுத்து, சாந்து அரைத்து அலங்காரம் செய்யும் வேலைக்காரி. வடமொழியில் சைரந்திரி. பழைய தமிழில் இதற்கு அழகான சொல் இருக்கிறது. வண்ணமகள்! அவள் புருஷர்களோ ஆளுக்கொரு வேஷத்தில் ஒளிந்திருக்கிறார்கள். தர்மன் சந்நியாசியாக, பீமன் சமையல்காரனாக, அர்ச்சுனன் பெண்ணுடுப்பில் பிருகன்னளையாக. விராட பர்வம் முழுக்கவே உடுப்பால் நடக்கிற கதை. ஒருத்தர் துணி மாறிப்போனால் பாண்டவர் அத்தனை பேரும் மாட்டிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட கதையைத்தான் தென்னாட்டில் முதல் படமாக எடுத்தார்கள். கதாநாயகியே வண்ணமகள். அவளுக்கு வண்ணமகளாக இருந்தவர் பெயரைத்தான் காணோம்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் கதையை நான் விளக்க வேண்டியதே இல்லை. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம், உளுந்தூர்பேட்டை என்று எந்தத் திசையில் போனாலும் ஒரு திரௌபதி அம்மன் கோயில் இருக்கும், பாரதம் நடக்கும், ராத்திரி கூத்து இருக்கும். பீமன் சேலை கட்டிக்கொண்டு இருட்டில் கீசகனுக்காகக் காத்திருக்கும் கட்டத்தில் சிரித்துச் சிரித்துத் தூக்கம் கலைந்தவர்கள் இதைப் படிக்கிறவர்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள்.

இந்தக் கேள்வி மண்டையில் ஓடிக்கொண்டிருந்ததால் ஆடியில் சின்னசேலம் பக்கம் ஒரு கூத்துக்குப் போனேன். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே வேஷம் கட்டும் இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். தகரப் பெட்டியைத் திறந்தார் ஒரு பெரியவர். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம். எல்லாம் கல்யாண முருங்கை மரம். கனமே இருக்காது. விடிய விடியத் தலையிலும் தோளிலும் தாங்கி ஆட வேண்டுமே! மேலே ஜிகினாத் தாளும் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டும். முழங்கால் வரை குடை மாதிரி விரிந்து நிற்கும் பாவாடை.

"இவ்ளோ கண்ணாடி எதுக்குங்க?" என்றேன்.

"முன்னெல்லாம் தீவட்டி, அப்பறம் பெட்ரோமாக்ஸு. கடைசியில குந்தினு இருக்கறவனுக்கு நாம பாடறது காதுல விழுமோ விழாதோ. வர்றது ராசாவா சேவகனான்னு தெரியணுமில்ல?" என்றார்.

பேசாத படத்தின் முழு இலக்கணத்தையும் அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். அந்தக் காலத்து டென்ட் கொட்டகையும் அதே நிலைமைதான். திரையில் எழுத்து வந்தாலும் படிக்கத் தெரிந்தவர் கொஞ்சம். பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்லுவார். அவர் குரல் எட்டாத மூலையில் இருப்பவனுக்குக் கிரீடமும் கிழிந்த துணியும்தான் கதை.

பெரியவரிடம் இன்னொன்றும் கேட்டேன். "இந்தக் கிரீடம் யாரு செஞ்சது?" யோசிக்கவே இல்லை. மூன்று தலைமுறைக்கு முந்தைய ஒரு வாத்தியாரின் பெயரையும் ஊரையும் சட்டென்று சொன்னார். கூடவே, எந்தக் கண்ணாடி பிற்பாடு மாற்றி ஒட்டியது என்பதையும்.

சினிமாவில் அப்படி ஒரு பெட்டியைத் திறந்து பெயர் சொல்ல எவருமே இல்லையா என்றால், ஒரே ஒரு ஊரில் கொஞ்சம் தடம் கிடைக்கிறது. கோலாப்பூர். செருப்புக்குப் பேர் போன ஊர் என்றுதான் நமக்குத் தெரியும்.

அங்கே 1890-ல் பிறந்தவர் பாபுராவ் மேஸ்திரி. தானாகவே ஓவியம் கற்றவர். சொந்தக்காரர் ஆனந்தராவோடு சேர்ந்து நாடகக் கம்பெனிகளுக்குப் படுதா வரைந்து கொடுத்துவந்தார். அதனாலேயே ஊர் அவரை பாபுராவ் பெயிண்டர் என்றது. பால்கே படத்தைப் பார்த்ததும் இவர்களுக்கும் பித்துப் பிடித்தது. பழைய புரொஜக்டரை வாங்கிப் பிரித்துப் போட்டு, அதைப் பார்த்துச் சொந்தமாகக் கேமரா செய்ய முனைந்தார்கள். பாதியில் ஆனந்தராவ் இறந்துபோனார். பாபுராவ் விடவில்லை. கேமராவை முடித்து, மகாராஷ்டிரா ஃபிலிம் கம்பெனி தொடங்கி, 1920-ல் முதல் படத்தை வெளியிட்டார். படத்தின் பெயர் என்ன தெரியுமா? 'சைரந்திரி'. அதே கீசகன் கதை! அங்கேயும் வண்ணமகள்தான் முதலில் வந்தாள். இந்த முறை பெண் வேஷத்தில் பெண்களே நடித்தார்கள்.

பாபுராவின் தனித்தன்மை, படம் பிடிப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் வரைந்து பார்த்துவிடுவது. காட்சி எப்படி, ஆள் எங்கே நிற்பான், தலைப்பாகை எப்படிக் கட்டியிருப்பான், சேலை எப்படி விழும் என்று பென்சிலால் தாளில் முதலில் போட்டுவிடுவார். தொங்கும் படுதாவை எடுத்துவிட்டு நிஜக் கட்டடம் போல செட் போட்டதும் அவர்தான். 1923-ல் அவர் எடுத்த 'சிங்ககட்' மராட்டிய வீரர் கதை. அதில் போர்வீரனின் உடையைத் தப்பாகக் காட்டினால் பார்க்கிற ஊர் ஜனம் சும்மா விடுமா? அவர்கள் தாத்தன் கட்டிய தலைப்பாகையாயிற்றே! உடுப்பை யோசித்து வரைந்தவர் என்று நம் பேசாத படங்களில் பெயர் சொல்லிக் காட்டக்கூடிய மிகச் சிலரில் ஒருவர் அவர். வெட்டித் தைத்தவர்கள் பெயர் அங்கேயும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த இடத்தில் ஒரு டெக்னிக்கல் விஷயம். சின்னப் பிள்ளைகள் கவனியுங்கள், பரீட்சைக்கு வராது, ஆனால் சுவாரஸ்யம். அந்தக் காலத்து ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. நிஜமாகவே தெரியாது. சிவப்புச் சேலை திரையில் கறுப்பாகிவிடும். நீலமோ வெளுத்துப்போகும். வானம் எல்லாப் படத்திலும் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருப்பது அதனால்தான். முகத்தில் ரத்தச் சிவப்பு இருந்தால் அதுவும் கருத்துத் திட்டுத் திட்டாகத் தெரியும் என்றுதான் நடிகர்கள் அப்படி வெள்ளையாகப் பூசிக்கொண்டார்கள். கல்யாணப் பெண்ணுக்கு அரக்குப் பட்டு கட்டிவிட்டால் திரையில் துக்கச் சேலை மாதிரி நிற்கும். ஆக, துணி எடுக்கிறவர் கண்ணுக்குத் தெரிகிற நிறத்தை மறந்துவிட்டு, கேமராவுக்கு எது தெரியும் என்று மனசுக்குள் மாற்றிக் கணக்குப் போட வேண்டும். நீலக் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சரிபார்ப்பதும் உண்டு. சும்மா ஜவுளிக்கடையில் புடவை எடுக்கும் வேலை இல்லை இது.

அமெரிக்காவில் மட்டும் என்ன வாழ்ந்தது என்கிறீர்களா? ஆரம்பத்தில் அங்கேயும் இந்தக் காலத்துக் கதை என்றால் நடிகைகள் வீட்டிலிருந்து சொந்தத் துணியைக் கொண்டுவருவதுதான் வழக்கம். நல்ல துணி வைத்திருப்பவருக்கு வாய்ப்பு. இதற்கென்றே ஒருவரை வைக்கலாம் என்ற எண்ணம் வந்தபோது முதலில் பெயர் வாங்கியவர்களில் ஒருவர் கிளேர் வெஸ்ட். 1916-ல் கிரிஃபித்தின் 'இன்டாலரன்ஸ்', பிறகு செசில் பி. டெமில்லின் படங்கள், 1923-ல் பேசாத 'தி டென் கமாண்ட்மென்ட்ஸ்' எல்லாம் அவர் கைவண்ணம். படம் பேசத் தொடங்கும் முன்பே அவர் திரையுலகத்தை விட்டு ஒதுங்கிவிட்டார். உடையலங்காரத்துக்கு ஆஸ்கர் என்று ஒன்றைக் கொடுக்க ஆரம்பித்ததே 1949-ல்தான். பேசாத படக் காலத்தில் செய்த வேலைக்கு அது கிடைக்க வழியே இல்லை.

கோலாப்பூருக்குத் திரும்புவோம், அங்கேதான் ஒரு நூல் அறுபடாமல் இருக்கிறது.

பாபுராவ் பெயிண்டரின் படங்களில் வேலை செய்தவர்களில் அண்ணாசாகேப் ராஜோபாத்யே என்ற ஓவியரும் உண்டு. அவருக்கு ஏழு பிள்ளைகள். 1929-ல் பிறந்த மகள் பானுமதி. அப்பா சிறுவயதிலேயே இறந்துவிட்டார். அப்பாவின் தூரிகை மட்டும் மகளிடம் தங்கிவிட்டது. பம்பாய் ஜே.ஜே. ஓவியக் கல்லூரியில் தங்கப் பதக்கம். ஹுசேன், சூசா எல்லாம் இருந்த முற்போக்கு ஓவியர் குழுவின் கண்காட்சியில் 1953-ல் படம் வைத்த ஒரே பெண். அந்தப் பக்கமே போயிருந்தால் பெரிய ஓவியராகியிருப்பார்.

பிழைக்க வேண்டுமே! 'ஈவ்ஸ் வீக்லி' என்ற பெண்கள் பத்திரிகைக்கு ஃபேஷன் படம் வரைந்தார். அந்தப் பத்திரிகை ஆசிரியர் ஒரு துணிக்கடை திறந்தபோது, "வரைகிறாயே, தைத்துத்தான் காட்டேன்" என்கிற மாதிரி ஒரு வாய்ப்பு வந்தது. கடைக்கு வந்த நடிகைகள் சினிமாவுக்கு இழுத்தார்கள். 'ஸ்ரீ 420', 'சி.ஐ.டி.', 'பியாசா', 'சாஹிப் பீபி அவுர் குலாம்' என்று வரிசை. நம் வைஜயந்திமாலா நடித்த 'ஆம்ரபாலி'க்காக (1966) அஜந்தா குகை ஓவியங்களை நேரில் போய்ப் பார்த்து வரைந்துகொண்டு வந்தார். 'பிரம்மச்சாரி'யில் மும்தாஜ் ஆடிய பாட்டுக்கு ஜிப் வைத்துத் தைத்த ரெடிமேட் சேலை அவருடையது. இன்றைக்குக் கல்யாண வீடுகளில் 'ஒரே நிமிஷத்தில் கட்டலாம்' என்று விற்கிறார்களே, அந்த வகைச் சேலைக்கு அக்கா முறை.

கல்யாணத்துக்குப் பின் அவர் பெயர் பானு அத்தையா. இப்போது ஞாபகம் வருகிறதா? ஆமாம், இந்தியாவுக்கு முதல் ஆஸ்கர் கொண்டுவந்தவர். 1982-ல் வந்த அட்டன்பரோவின் 'காந்தி' படத்துக்காக, இங்கிலாந்தின் ஜான் மோலோவோடு சேர்ந்து வாங்கினார்.

'காந்தி' படத்துக்கு உடை என்றால் வேட்டியும் துண்டும்தானே, அதற்கு ஏன் ஆஸ்கர் என்று அப்போதே சிலர் கேலி பேசினார்கள். என் மாமா ஒருவரும் பேசினார். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை, இப்போது தெரிகிறது. கோட்டும் டையுமாகத் தென்னாப்பிரிக்காவில் இறங்கிய பாரிஸ்டர், ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றிக் கடைசியில் முழத்துண்டுக்கு வந்ததுதானே அந்த மனுஷரின் வாழ்க்கை? அந்தக் கடைசி மாற்றம் நடந்தது நம் மதுரையில், 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி. அதற்கு அவர் பேசிய பேச்சு யாருக்கு நினைவிருக்கிறது? துணியைக் குறைத்தார், தேசத்துக்கே புரிந்துவிட்டது. சத்தத்தை அணைத்துவிட்டு அந்தப் படத்தைப் பாருங்கள், எந்த வருஷம், யார் எந்தப் பக்கம், யாருக்குப் பசி என்று துணியே சொல்லிக்கொண்டு போகும். அண்ணாசாகேப்பின் மகளுக்கு அது தெரியாமல் இருக்குமா?

பின்னாளில் 'லேகின்', 'லகான்' இரண்டுக்கும் தேசிய விருது வாங்கினார். 2012-ல் உடம்பு முடியாத நிலையில், தனக்குப் பிறகு அந்த ஆஸ்கர் சிலைக்கு என்ன ஆகுமோ என்று கவலைப்பட்டு, பத்திரமாக இருக்கட்டும் என அமெரிக்க அகாடமிக்கே திருப்பி அனுப்பிவிட்டார். 2020 அக்டோபர் 15-ல் காலமானார், வயது 91. சிலையைத் திருப்பி அனுப்பிய செய்தி வந்தபோது எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. நம்ம நாட்டில் அதை வைக்க ஒரு இடம் இல்லையா என்று. அழிந்துபோன படங்களின் கணக்கைப் படித்த பிறகு, அந்தக் கோபம் யார் மேல் வர வேண்டுமோ அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது.

இவ்வளவையும் சேர்த்துக்கொண்டு, போன மாதம் மறுபடி வெள்ளிமலைக்குப் போனேன். பிள்ளைக்குக் கடன்பட்டிருக்கிறேனே! திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். சரஸ்வதிபாய் துவைத்த கதை, மீசைக் கதை, வண்ணமகள், பானு அம்மா எல்லாம். முழுதும் கேட்டுவிட்டு, "அப்ப ஜாக்கெட்டைத் தச்சது யாருன்னு தெரியல, அப்படித்தானே?" என்றாள். "தெரியலம்மா" என்றேன்.

அவள் அம்மா நூல் கோத்துக்கொண்டே உள்ளிருந்து பேசினார். "பாவாடை சட்டை வாங்க வர்றவங்க சைஸ் சரியா இருந்தா ஒண்ணும் சொல்ல மாட்டாங்கண்ணா. டைட்டா இருந்தாதான் தச்சது யாருன்னு கேப்பாங்க."

மகள் அதற்குள் வேறு வேலையில் இறங்கிவிட்டாள். சிவப்பு கறுப்பாகும் கதைதான் அவளைப் பிடித்துக்கொண்டது. எங்கிருந்தோ நீல நிற ஜெலட்டின் தாளைத் தேடி எடுத்து, நாலாக மடித்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள். அம்மா தைத்துக்கொண்டிருந்த சிவப்பு ஜாக்கெட்டைப் பார்த்தாள். கொடியில் கிடந்த நீலத் தாவணியைப் பார்த்தாள். மறுபடி ஜாக்கெட்.

"யம்மா! நீ தைக்கிறது கறுப்பாயிடுச்சு!"

"எங்கடி, குடு பாக்கலாம்" என்று மெஷினை நிறுத்திவிட்டு அம்மா எழுந்து வந்தார்.